டிராம்சோ – லாங்யியர்பியன்: பறப்பது ஒன்றரை மணி நேரம்தான், ஆனால்...

கேள்வி: மார்ச்சில் நார்வே போகிறோம். டிராம்சோவிலிருந்து ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கும் லாங்யியர்பியனுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? வரைபடத்தில் ரொம்பத் தள்ளித் தெரிகிறது. திரும்பும் நாளிலேயே டிராம்சோவில் இறங்கி, தனியாக எடுத்த டிக்கெட்டில் ஆஸ்லோ விமானத்தைப் பிடிக்க இரண்டு மணி நேர இடைவெளி போதுமா?

பதில்: நேர்கோட்டில் சுமார் 960 கி.மீ. நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்: இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில்தான் இருக்கின்றன, அட்சரேகை வித்தியாசம் எட்டரை டிகிரி, டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் கிட்டத்தட்ட அதே எண் வந்துவிடும். வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். நாம் வழக்கமாகப் பார்க்கும் மெர்கேட்டர் வரைபடம் வடக்கே போகப் போக எல்லாவற்றையும் இழுத்து நீட்டும், 70 டிகிரியில் சுமார் 3 மடங்கு, 78 டிகிரியில் கிட்டத்தட்ட 5 மடங்கு. ஆஸ்லோ – டிராம்சோ 1,100 கி.மீ.க்கும் மேல், ஆனாலும் வரைபடத்தில் உங்கள் கோடுதான் நீளமாகத் தெரியும்!

நேரம்? மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 1 மணி 12 நிமிடம் வரும். அட்டவணையிலோ 1 மணி 35, 40 நிமிடம் என்று இருக்கும், ஏனென்றால் அது விமானம் நிற்குமிடத்திலிருந்து கிளம்பி அங்கே போய் நிற்கும் வரையிலான கணக்கு. ஓடுபாதைவரை ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. மார்ச்சில் இறக்கையில் படிந்த பனியைக் கரைக்க மருந்து தெளித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள், அதற்கும் கொஞ்ச நேரம் போகும். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகார நேரம், அதனால் அந்தக் குழப்பம் இல்லை.

இரண்டு மணி நேர இடைவெளி போதாது, தயவுசெய்து அப்படிப் போட வேண்டாம். லாங்யியர்பியனில் காற்றோ பனிமூட்டமோ சரியில்லை என்றால் வருகிற விமானம் இறங்காமலே திரும்பிவிடும், அடுத்த பெரிய விமான நிலையம் நார்வேயின் பெருநிலத்தில்தான். நீங்கள் ஏற வேண்டிய விமானமும் பெரும்பாலும் அதுதான். சாலையோ ரயிலோ கிடையாது, அடுத்த விமானம் மறுநாளாகக்கூட இருக்கலாம். டிக்கெட் தனித்தனி என்பதால் தவறவிட்ட ஆஸ்லோ விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக எடுங்கள், இல்லையென்றால் டிராம்சோவில் ஒரு இரவு தங்குங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் முக்கியம். ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய, நார்வே உட்பட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) வெளியே இருக்கிறது. அங்கே போக விசா தேவையில்லை, ஆனால் டிராம்சோவில் பாஸ்போர்ட் சோதனை முடித்து ஏறிய நொடியே ஷெங்கனைவிட்டு வெளியேறியதாகிவிடும். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒருமுறை நுழைவு விசா மட்டும் இருந்தால் திரும்பி டிராம்சோவுக்குள் நுழைய முடியாது. விண்ணப்பிக்கும்போதே இரண்டு முறை அல்லது பலமுறை நுழைவு கேளுங்கள், டிக்கெட்டை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.