தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் மாலை மையத்தின் தரம் ஏறவில்லையே, என்ன செய்யலாம்?

மதுரை செல்லூரில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலை மையம் நடத்துகிறீர்கள், தன்னார்வலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தாயிற்று, ஆனாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்கிறீர்கள்.

மண்டபத்துப் பயிற்சி பெரும்பாலும் சாப்பாட்டோடு முடிந்துவிடும். (மதுரையில் சாப்பாடு மட்டும் குறை வைக்காது.) முதலில் வகுப்பைப் பாருங்கள். சக தன்னார்வலர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதட்டும். "நல்லா நடத்தினாங்க" என்று எழுதினால் பிரயோசனமில்லை. "ஆறு தடவை 'புரிஞ்சுதா?' என்றார், 'புரிஞ்சுதுக்கா' என்று கோரஸ் வந்தது, கடைசி வரிசைப் பையன் வாயே திறக்கவில்லை" என்று எழுத வேண்டும். மதிப்பெண் அதற்கப்புறம்.

அமெரிக்க இளைஞர் மையங்களில் புழங்கும் ஒரு மதிப்பீட்டு முறை பாதுகாப்பு, ஆதரவான சூழல், கூடிப் பழகுதல், ஈடுபாடு என்று நான்கைப் பார்த்து 1, 3, 5 என்று மதிப்பெண் போடுகிறது. பாதுகாப்பில் தேறிவிடுவீர்கள். பிள்ளைகள் தாங்களே திட்டமிட, தேர்ந்தெடுக்க இடமிருக்கிறதா என்கிற இடத்தில்தான் உதைக்கும். அடுத்த பயிற்சியை அந்த ஒன்றுக்கு மட்டும் வையுங்கள்; ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

அந்த மதிப்பெண்ணைக் காட்டி எந்தத் தன்னார்வலரையும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால், அடுத்த முறை நீங்கள் பார்க்கப்போவது வகுப்பாக இருக்காது, ஆண்டு விழா நாடகமாக இருக்கும்.