போர்வெல்லை ஆழப்படுத்த வேண்டாம், ஜிப்சமும் இப்போது வேண்டாம்

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினம் பக்கம் 3 ஏக்கர் வைத்திருக்கிறோம். கடல் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. முண்டு மிளகாய்தான் போடுகிறோம். மூன்று வருடமாகப் போர்த் தண்ணீர் கரிக்கிறது. இலை ஓரம் கருகுகிறது, பூவும் கொட்டுகிறது. மண் பரிசோதனையில் பி.எச். 7.9, ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) 1.9, தண்ணீரின் ஈ.சி. 3.2. உரக்கடைக்காரர் ஏக்கருக்கு 2 டன் ஜிப்சம் போடச் சொல்கிறார். 60 அடி போரை 120 அடிக்கு இறக்கலாமா? கடல்பாசிச் சாறு அடித்தால் சரியாகுமா?

பதில்: முதலில் ஜிப்சம். இரண்டு லோடு வாங்கி இறக்கியிருந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

உப்பு நிலம் என்று நாம் ஒரே பேராகச் சொன்னாலும் களர் வேறு, உவர் வேறு. களர் மண்ணில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொள்கிறது, பி.எச். 8.5-ஐத் தாண்டும், மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் கலங்கி நிற்கும், காய்ந்தால் பாளமாக இறுகும். அந்தச் சோடியத்தைக் கிளப்பிவிட ஜிப்சத்தில் உள்ள கால்சியம் வேண்டும். உங்களுடையது உவர். கரையும் உப்பு மண்ணில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை நல்ல தண்ணீரால் கழுவித்தான் இறக்க முடியும். ஜிப்சமும் ஓர் உப்புதான் என்பதைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈ.சி. 3.2 என்றால் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் உப்பு. ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டர். அதாவது ஒரு பாய்ச்சலுக்கு 400 கிலோ, எட்டு மூட்டை உப்பு! பத்துப் பாய்ச்சலில் 4 டன். மழைதான் இதைக் கழுவ வேண்டும், ஆனால் நம் மாவட்டத்து மழையில் பெரும்பகுதி அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. மிளகாய் உப்பைத் தாங்காத பயிர். வேர்ப் பகுதி ஈரத்தின் ஈ.சி. 1.5-ஐத் தாண்டியதும் விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் 14 சதவீதம் போகும். உங்கள் தண்ணீரையே தொடர்ந்து பாய்ச்சினால் வேரடியில் அது 4.8 வரை போகும், ஏறக்குறையப் பாதி விளைச்சல் இல்லை. பருத்தியோ 7.7 வரை பொறுத்துக்கொள்ளும்.

போரை ஆழப்படுத்துவது பற்றி: வேண்டவே வேண்டாம். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். மோட்டார் போட்டு ஒரு அடி இறக்கினால் அடியில் உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். நம் பெண்கள் மணலில் ஊத்துத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மோந்து எடுக்கிறார்களே, அதன் சூத்திரமே இதுதான்: மேலாக, கொஞ்சமாக, ஊற விட்டு எடுப்பது. நீங்களும் போரை ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, ஊற விட்டு ஓட்டுங்கள்.

சரி, வழி என்ன? பண்ணைக்குட்டை. 100 மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் 4 லட்சம் லிட்டர். 3 ஏக்கருக்கும் மிளகாய் போடும் எண்ணத்தை விட்டு ஒரு ஏக்கரில் மட்டும் போட்டு, முளைப்புக்கும் பூக்கும் பருவத்துக்கும் குட்டைத் தண்ணீரையே கொடுங்கள். நடுவே வேண்டுமானால் போர்த் தண்ணீர். மீதி நிலத்தில் பருத்தி அல்லது குதிரைவாலி. கோடையிலேயே உழுது வரப்பை உயர்த்தி வையுங்கள். முதல் மழை வெளியே ஓடாமல் நிலத்துக்குள்ளேயே இறங்கி உப்பைக் கழுவட்டும். அப்புறம் விதையுங்கள். பாரின் (சால் ஓரத்து மண் மேட்டின்) உச்சியில்தான் உப்புப் பூக்கும், ஆகவே செடி பாரின் சரிவில் நிற்கட்டும்.

சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொட்டும் இடத்தைச் சுற்றி விளிம்பில் உப்புச் சேரும். லேசான தூறல் வந்தால் அந்த உப்பு வேருக்கு இறங்கிவிடும். மழை தூறுகிறதே என்று மோட்டாரை நிறுத்தாதீர்கள், தூறும்போது ஓட்டுங்கள். பொட்டாஷ் வேண்டுமானால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள், மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. ஏற்கெனவே இலை ஓரத்தைக் கருக்குவது அதுதான்.

கடல்பாசிச் சாறு மோசடி இல்லை. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் கப்பாபைகஸ் பாசியை வைத்து நிறைய வேலை செய்திருக்கிறது. பச்சைப் பாசியை அரைத்துப் பிழிந்தால் சாறு உரமாகிறது, சக்கையில் இருந்து கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் எடுக்கிறார்கள். சாற்றில் பொட்டாசியமும் வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. இலைவழித் தெளிப்பாகக் கொடுத்தால் செடி தெம்பாகும். ஆனால் மண்ணில் உள்ள 4 டன் உப்பை அது எங்கே கொண்டுபோய் வைக்கும்? மருந்தாக நம்பாமல் சத்தாகக் கொடுங்கள். கரையில் ஒதுங்கும் பாசியை அப்படியே வண்டியில் ஏற்றிவந்து வயலில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும், கருவாட்டுக் கழிவும், கழுவாமல் போட்டால் உப்பை விலைகொடுத்து வாங்கிய கதைதான்.

ஜிப்சத்தை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. தண்ணீரில் பைகார்பனேட் அதிகமாக இருந்தால் நாளடைவில் மண் களராகும், அப்போது தேவைப்படும். உங்கள் அறிக்கையில் அந்த எண் இல்லை. இராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் சோடியம், பைகார்பனேட் இரண்டையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி மாதிரி கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடி, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். மழைக்கு முன் ஒன்று, ஜனவரியில் ஒன்று எடுத்தால் நல்லது.