புல்வெட்டி எஞ்சினுக்குக் குறைந்த விலையில் உதிரிப்பாகம் எங்கே வாங்கலாம்?

திருத்தும் கடையில் உங்களிடம், "இதற்குச் செலவழிப்பதைவிடப் புதியது வாங்குங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். எனக்கும் அதையே சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் பதில். புல்வெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்துப் பாகம் தேடாதீர்கள். பெரும்பாலும் உடம்பு ஒரு கம்பனி, எஞ்சின் இன்னொரு கம்பனி. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் என்றால் மொடல், டைப், கோட் என்று மூன்று எண்கள் அதன் உலோகத்தில் குத்தியிருக்கும். கோட் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அது செய்யப்பட்ட ஆண்டு. அழுக்கைத் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களைக் கொண்டு தேடினால் பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் விரிபடமும் ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் கிடைக்கும். பிறகு பாக எண்ணை மட்டும் இணையக் கடைகளில் போட்டுப் பாருங்கள். அதே பாகத்தை வேறு நிறுவனங்கள் செய்து, அசல் விலையில் பாதிக்கும் குறைவாக விற்பதைக் காண்பீர்கள்.

இனி என் கதை. நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில். ரொறன்ரோவில் புல்லை 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிடக்கூடாது என்பது விதி. மே மாத மழையில் புல் எப்படி ஏறும் என்று இங்கே வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு மே மாதத்தில் என் மச்சான் புல்வெட்டியை இரவல் வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து கராஜ் வாசலில் பேசாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார். கயிற்றை இழுத்தால் எஞ்சின் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தது, பற்றவில்லை. கடைக்குக் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்காமல், காபரேற்றரும் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கொயிலும் (பொறிக்கு மின்சாரம் தரும் சுருள்) மாற்றவேண்டும், 180 டொலர் ஆகும், புதியது வாங்குங்கள் என்றார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நானே கழற்றினேன். பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்கில் பொறி நன்றாகவே வந்தது. எஞ்சினின் கனமான சுழல்சக்கரமான பிளைவீலைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. பிளைவீலுக்கும் அதைத் தாங்கும் எஞ்சின் தண்டுக்கும் நடுவே சிறுவிரல் நகமளவு ஒரு சாவித்துண்டு இருக்கும். அது குறுக்கே அறுபட்டு, மேல்பாதி ஒரு மில்லிமீற்றர் விலகி நின்றது. புல் வெட்டும் தகடு மரவேரிலோ கல்லிலோ மோதும்போது முதலில் அறுந்துபோவதற்கென்றே அதை மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். அது விலகினால், கொயிலில் பொறியை உண்டாக்கும் பிளைவீலின் காந்தமும் விலகும். பொறி தவறிய நேரத்தில் விழும். புதிய சாவித்துண்டு 4 டொலர். கொயிலைத் திரும்பப் பூட்டும்போது காந்தத்துக்கும் அதற்கும் நடுவே 0.25 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். ஒரு முகவரி அட்டையை (விசிட்டிங் கார்ட்) நடுவே செருகி இறுக்கினேன். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மச்சானிடம் கேட்டபோது, "வேரில் கொஞ்சம் தட்டுப்பட்டது, அத்தான்" என்றார். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? இரவல் பொருளை உடைப்பது பிழையில்லை, சொல்லாமல் வைத்துவிட்டுப் போவதுதான் பிழை. என் ஏணியும் இப்படித்தான் ஒரு கால் ரப்பர் இல்லாமல் திரும்பி வந்தது. துளைபோடும் இயந்திரம் இன்னும் வரவேயில்லை. சொந்தத்துக்குள் இதையெல்லாம் கேட்டால் நாங்கள்தான் சின்னப் புத்திக்காரர் ஆகிறோம்.

மலிவுப் பாகம் போட்டால் எஞ்சின் கெட்டுவிடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் தொழில் படித்தவன் இல்லை; ஆனால் 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதான பொருளாதாரத் தடைக்குள் தோட்டத்து எஞ்சினை ஓட்டியவன். சிரிஞ்சியால் சில துளி பெற்றோல் விட்டுப் பற்றவைத்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பாகங்களுக்கிடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை அட்டையில் வெட்டிப் போட்டோம். காற்று வடிகட்டி, காபரேற்றரின் மெல்லிய சவ்வான டயாபிரம், கயிறு, கேஸ்கட் எல்லாம் மலிவானதே போதும் என்பது என் அனுபவம். பிளக் மட்டும் பெயருள்ளதாக வாங்குங்கள், விலை வித்தியாசம் சில டொலர்தான். சாவித்துண்டு அடிக்கடி அறுகிறது என்று அதை உருக்கில் செய்து போட்டுவிடாதீர்கள். அடுத்த மோதலில் தண்டே போய்விடலாம்.

இன்னொரு வழியும் உண்டு. இங்கே வசந்தத்தில் குப்பை எடுக்கும் நாளுக்கு முதல்நாள் மாலை தெருவோரம் பாருங்கள். போன வருடத்துப் பெற்றோலைத் தொட்டியிலேயே விட்டு, அது காபரேற்றருக்குள் பசையாகிப்போன நல்ல எஞ்சின்கள் நிற்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். இதுவரை ஒருவரும் எனக்கு மறுக்கவில்லை. உங்களுடைய அதே மொடல் தொடர் என்றால் கயிற்றுச் சுருள், தொட்டி மூடி, கொயில் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும்.

பாகம் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவைத்துவிட்டு, காற்று வடிகட்டியும் காபரேற்றரும் மேலே வரும்படி சரித்து, தகட்டைப் பாருங்கள். மோதிய அடையாளம் இருந்தால் முதலில் அந்த 4 டொலர் பாகத்தை வாங்குங்கள்.