கழற்றி வைத்த கண்ணாடி

கேள்வி: படிக்கும் மேசையில் 12 வோல்ட், 50 வாட் ஹாலோஜன் விளக்கு வைத்திருக்கிறேன். பல்பை வெறும் கையால் தொடக்கூடாது என்கிறார்களே, ஏன்? (முன்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டதால் கழற்றிவிட்டேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது.)

பதில்: அடைப்புக்குறிக்குள் நீங்கள் போகிற போக்கில் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் ஸ்விட்சை அணையுங்கள், அப்புறம் படிக்கலாம்.

டங்ஸ்டன் இழையிலிருந்து ஆவியாகும் உலோகத்தை, உள்ளே இருக்கும் அயோடினோ புரோமினோ பிடித்து மறுபடி இழையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு பல்பின் கூடு 250 டிகிரி செல்சியஸ் அளவிலாவது சுட வேண்டும். சூடு இல்லாவிட்டால் இந்த விளக்குக்குப் பிழைப்பே இல்லை! சாதாரணக் கண்ணாடி இதற்குச் சரிப்படாது என்பதால்தான் கூட்டைக் குவார்ட்ஸில் செய்கிறார்கள். விரலின் உப்பும் எண்ணெயும் அதில் ஒட்டினால், சூடேறும்போது அந்த இடம் வெளுத்து, வலுவிழந்துவிடும். உள்ளே வாயு நல்ல அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அது சும்மா இருக்குமா? அந்த இடம் உப்பிக்கொண்டு வரும், சில சமயம் பல்பே வெடிக்கும்.

வெடித்தால் பழுக்கச் சுட்ட சில்லுகளைத் தடுத்து நிறுத்துவது நீங்கள் கழற்றிய அந்தக் கண்ணாடிதான். இன்னொன்றும் உண்டு. குவார்ட்ஸ் புற ஊதாக் கதிரை வெளியே விட்டுவிடும். முன்பக்கக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை மறித்துவிடும். கண்ணாடி இல்லாத விளக்கின் அடியில் மணிக்கணக்கில் கையை வைத்து எழுதினால், வெயிலில் நின்றதுபோலத் தோல் சிவக்கலாம்.

வயரிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அணைத்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டதே என்று 500 வாட் ஹாலோஜன் குழல் பல்பைப் பிடித்தேன். இரண்டு விரலிலும் கொப்புளம். அணைந்த பல்பு ஆறிவிட்டதா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கால் மணி நேரமாவது விடுங்கள். பிறகு துணியால் பிடித்துக் கழற்றுங்கள். கைபட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிடுங்கள். திரைச்சீலை, காகிதம் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

ஹோல்டரையும் பாருங்கள். 12 வோல்ட்டில் 50 வாட் என்றால் 4 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. பல்பின் கம்பிக்கால் (pin) அதில் லூசாக இருந்தால் அந்த இடம் கருகியிருக்கும். கருகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், எல்இடிக்கு மாறிவிடுவேன். ஆனால் வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் பழைய எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர்கள் பல, எல்இடியின் 5 வாட் போன்ற சிறு சுமைக்கு ஒழுங்காக வேலை செய்யாது. புது பல்பு மினுக்கினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து மாற்றுங்கள்.