மஞ்சள் சுவர் முன்னால் நாற்பது படங்கள்: தோற்றம் பற்றிய கேள்வி பதில்

புதுச்சேரியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். படங்களைப் பார்த்துப் பார்த்துத் தன் உடம்பையே வெறுக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, செல்ஃபியில் என் மூக்கு பெரிதாகத் தெரிகிறது. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

அவசரப்படாதே அம்மா. போனை முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் பிடித்தால், ஐந்தடி தள்ளி எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்காவில் கணக்கிட்டுக் காட்டினார்கள். லென்ஸுக்குக் கிட்டே இருப்பது பெரிதாக விழுகிறது. தோழியை ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்துப் பார்.

போன ஞாயிறு ஒயிட் டவுனில் ஒரு மஞ்சள் சுவர் முன்னால் உன் வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். வயிற்றை எக்கினாள், தாடையை இறக்கினாள், துப்பட்டாவை மாற்றி மாற்றிப் போட்டாள். எப்படியும் நாற்பது படம் இருக்கும். அப்புறம் நடைபாதையிலேயே உட்கார்ந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கும் ஃபில்டர் போட்டாள். உன் போனுக்கு வந்து சேர்வது அந்த ஒன்றுதான். அதோடு உன் காலை நேரத்து முகத்தை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

மேடம், பத்தாவது படிக்கும் மகள் ஆறு மாதமாகச் சிவப்பழகு கிரீம் தடவுகிறாள். வெயிலில் போனால் முகம் எரிகிறதாம். (ஒரு அம்மா, முத்தியால்பேட்டை)

இதைத் தள்ளிப்போடாதீர்கள். டியூபை எடுத்துப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், முடிகூட முளைக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. சட்டென்று நிறுத்தினாலும் எரிச்சல் கூடலாம், அதனால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஜிப்மரில் தோல் பிரிவு உண்டு.

அவளைத் திட்ட வேண்டாம். சிவப்பானால் வேலை கிடைக்கும், வரன் அமையும் என்று பல வருடம் விளம்பரம் பார்த்த ஊர் இது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல்தான் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்தது. அதைவிட, வீட்டில் என்ன பேசுகிறோம் என்று பாருங்கள். ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று பாசமாகத்தான் சொல்வார்கள். அந்த ‘இருந்தாலும்’ பிள்ளையின் மனதில் முள்ளாகத் தைத்துவிடும்.

ஆம்பளைப் பசங்களுக்கும் இது உண்டா? (கடலூர் முதுநகர்)

உண்டு தம்பி. எவ்வளவு உடம்பு ஏற்றினாலும் ஒல்லியாகவே இருப்பதாகத் தோன்றுவது ஒரு மனநலச் சிக்கல். ஜிம்முக்குப் போ, நல்லது. யாரோ தரும் ஊசி மட்டும் வேண்டாம்.

வெறும் படம் இவ்வளவு செய்யுமா? (ஆசிரியர், நெல்லிக்குப்பம்)

ஃபிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995இல்தான் டிவி வந்தது. பூசினாற்போன்ற உடம்பை அழகு என்று கொண்டாடிய ஊர். ஆய்வாளர்கள் அப்போது கேட்ட பள்ளிப் பெண் பிள்ளைகளில் எடை குறைக்க வாந்தி எடுத்தவர் ஒருவரும் இல்லை. 1998இல் கேட்டபோது 11 சதவீதம் பேர் அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள்.

உங்கள் வகுப்பில் யாராவது சாப்பாட்டை ஒளித்து வைத்தால், சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடினால், தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.