பழைய மதர்போர்டைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: ஒன்பது வருடமாக ஓடிய எங்கள் வீட்டு டெஸ்க்டாப் (இன்டெல் 6ஆம் தலைமுறை) அடிக்கடி சூடானதால், தூசு தட்டி, சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சர்வீஸுக்குக் கொடுத்தேன். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே ஓட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்விட்ச் போட்டால் திரையில் எதுவும் வரவில்லை. போய்க் கேட்டதற்கு, “போர்டுக்கு வயசாயிடுச்சு, நாங்க என்ன பண்றது?” என்று எல்லார் முன்னாலும் கடைக்காரர் சத்தம் போட்டார். மகளின் சிறுவயதுப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. மைத்துனர் அதே மாடல் போர்டு வாங்கித் தந்திருக்கிறார், ஞாயிறன்று மாற்றப்போகிறோம். மாற்றிவிட்டு வழக்குப் போட்டால் போர்டு விலை, விண்டோஸ் செலவு, மன உளைச்சலுக்கு நஷ்டஈடு எல்லாம் கிடைக்குமா? அவர் திருடன் என்று எல்லாருக்கும் தெரியப்படுத்தலாமா?

பதில்: ஞாயிறன்று கழற்றாதீர்கள். வழக்குப் போடுவதாக இருந்தால், இப்போது பெட்டிக்குள் இருக்கும் அந்த போர்டு ஒன்றுதான் உங்கள் பக்கச் சாட்சி.

அவர் சத்தம் போட்டதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. திருடன் என்று எழுதினீர்களானால் அவதூறு வழக்கில் நீங்கள் எதிர்வாதியாக நிற்பீர்கள். கையெழுத்து உங்களுக்குப் பாதகம்தான், ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் பழுதை வாங்குகிறவர் பார்த்திருக்க முடியாது என்று வாதிட இடமுண்டு.

போர்டு வயதாகிப் போனதா, கைபட்டுப் போனதா? வழக்கு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. உங்கள் கணினியில் இருக்கும் 6ஆம் தலைமுறை பிராசசரில் (கணினியின் மூளையான சிப்பில்) ஊசிகள் கிடையாது. போர்டில் அது உட்காரும் சாக்கெட்டில்தான் 1,151 மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. பேஸ்ட் மாற்ற, பிராசசர் மேல் இருக்கும் கூலரைத் தூக்குவதோடு வேலை முடிந்துவிடும், பிராசசரை எடுக்க வேண்டியதே இல்லை. எடுத்திருந்து, மூலையில் நாலு ஊசி சாய்ந்திருந்தால் அது கைபட்ட சேதம். மாறாக, போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பிப் பழுப்பாகக் கசிந்திருந்தால் அது வயது, அவர் சொன்னதே சரி என்றாகிவிடும்.

என்னிடம் வந்தவர்கள் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. முதலில் போர்டை மாற்றிவிடுவார்கள். கணினி ஓடத் தொடங்கிய பிறகு, பழைய போர்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மூன்றே கேள்வி கேட்பார். இது அதே போர்டுதானா? கழற்றியது யார்? கழற்றும்போது ஊசி வளையவில்லை என்பதற்கு யார் சாட்சி? உங்கள் விஷயத்தில் கழற்றியது மைத்துனர். அவர் ஆயிரம் சத்தியம் செய்தாலும், சந்தேகத்தின் பலன் எதிராளிக்குத்தான் போகும், ஏனென்றால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். பெட்டியை நீங்கள் திறந்த அந்த நொடியில் வழக்கு கலைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, இன்ன தேதியில் திறந்து பார்க்கப்போகிறோம், நீங்களும் வந்து பாருங்கள் என்று அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வரவில்லையென்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத டெக்னீஷியன் ஒருவர் திறக்கட்டும். பெட்டியின் ஸ்க்ரூவிலிருந்து சாக்கெட் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், போர்டில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும். பார்த்ததை அந்த டெக்னீஷியன் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மைத்துனர் வாங்கிய போர்டையும் இதே போல வீடியோவில் பிரியுங்கள், சாக்கெட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எறியாதீர்கள். ஊசி வளைந்திருந்தால் வாரண்டி கிடையாது என்று அதை விற்றவர்கள் சொல்வார்கள், அப்புறம் ஒரே கணினிக்கு இரண்டு தகராறு.

விண்டோஸ் செலவைத் தனியாகக் கேட்காதீர்கள். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த போர்டோடு பிணைந்தது. பழுதால் மாற்றுவதற்கும், வேகத்துக்காக மாற்றுவதற்கும் மைக்ரோசாஃப்ட் வித்தியாசம் பார்க்கிறது. இரண்டாவதைப் புதுக் கணினியாகவே எண்ணும். பில்லில் ‘பழுதானதால் மாற்றப்பட்டது’ என்று எழுதி வாங்குங்கள், போதும். எப்படியும் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குத் தேவையான பிராசசர் பட்டியலில் உங்களுடையது இல்லை. இதை அவர் தலையில் கட்ட முடியாது.

இனி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். ஊசி வளைந்திருப்பது நிரூபணமானாலும், ஒன்பது வருடம் உழைத்த போர்டுக்கு அதன் இன்றைய மதிப்புதான் கணக்கில் வரும், புது விலை வராது. நிபுணர் கட்டணமே அதைத் தாண்டிவிடும். சமரசமாகப் போங்கள். வீடியோவைக் காட்டி, சர்வீஸ் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், போர்டில் பாதி விலை கேளுங்கள். கையில் ஆதாரம் இருப்பது தெரிந்தால் சத்தம் போட்டவர்களும் இறங்கிவருவார்கள்.

ஆனால் படங்கள் இருக்கும் டிஸ்க்கைப் பார்க்காமல் சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் எழுதுவார்கள், அந்த ஒரு வரியில் மகளின் படங்களும் அடங்கிவிடும். டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, எதையும் அதில் சேமிக்காமல், படங்கள் திறக்கின்றனவா என்று அந்த டெக்னீஷியனையே பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். எண் இல்லாமல் படங்கள் போனால் அது உங்கள் அஜாக்கிரதை என்பார் கடைக்காரர், அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. படங்களை வேறு இடத்தில் நகல் எடுத்து முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.