கருவிலேயே சி.எம்.வி. தொற்றிய குழந்தைக்கு எந்த ஸ்கேன்? கேள்வி பதில்

சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி., தாயிடமிருந்து கருவுக்கும் தொற்றக்கூடியது. அது தொற்றிய குழந்தைகளின் மூளை ஸ்கேன் பற்றிப் பெற்றோர் கேட்டவற்றுக்குக் குழந்தைகள் ஸ்கேன் மருத்துவரின் பதில்கள்.

கேள்வி: மகள் பிறந்து 10 நாள். சிறுநீரில் சி.எம்.வி. இருக்கிறதாம். முதலில் எந்த ஸ்கேன், டாக்டர்?

பதில்: அல்ட்ராசவுண்டுதான் அம்மா. உச்சிக்குழி இன்னும் மூடவில்லை, அதன் வழியாகவே மூளை தெரியும். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் வேண்டாம். மூளையின் நீரறைகள் பெருத்திருக்கின்றனவா, அவற்றின் ஓரத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, நீர்க்கட்டி உண்டா என்று பார்ப்போம்.

கேள்வி: எங்களுக்கு அல்ட்ராசவுண்டு நார்மல். ஆனால் குழந்தையின் தலை சிறியது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: தேவை. மூளை மடிப்புகளும் வெண்பொருளும் (மூளையின் உள்ளே நரம்பிழைகள் ஓடும் பகுதி) அல்ட்ராசவுண்டில் சரியாகத் தெரியாது. தொற்று கர்ப்பத்தின் 18ஆவது வாரத்துக்கு முன்பே வந்திருந்தால் மடிப்பே விழாமல் மூளை வழுவழுப்பாகிவிடலாம். 18 முதல் 24 வாரத்துக்குள் என்றால் சின்னச் சின்னதாய் அளவுக்கு மீறி மடிப்புகள் விழலாம். கடைசி மாதங்களில் வந்தால் பெரும்பாலும் வெண்பொருளில் மட்டும் மாற்றம். இந்த வித்தியாசம் பிள்ளையின் வளர்ச்சியைக் கணிக்க உதவும். மயக்க மருந்தை நினைத்துப் பயப்படாதீர்கள். முதல் 3 மாதத்துக்குள் என்றால் வயிறாரப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதை மூடித் தூங்கவைத்தே பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

கேள்வி: சி.டி.யில் சுண்ணாம்புப் படிவு நன்றாகத் தெரியுமாமே, சார்?

பதில்: தெரியும். ஆனால் அதற்காகப் பச்சைக் குழந்தைக்குக் கதிர்வீச்சு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அவசரம் ஏதும் இருந்தாலொழிய. படிவு எங்கே என்பதும் ஒரு துப்பு: சி.எம்.வி.யில் பெரும்பாலும் நீரறையைச் சுற்றி. 2015இல் பிரேசிலில் கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் கருவில் பாதித்த குழந்தைகளுக்கு அது மூளையின் வெளியடுக்கான புறணிக்குச் சற்றுக் கீழே இருந்தது.

கேள்வி: எல்லா ஸ்கேனும் நார்மல். இனி கவலையில்லையே?

பதில்: காதை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. ஸ்கேன் சுத்தமாக இருந்தும், பிறந்தபோது நன்றாகக் கேட்டும், பிறகு செவித்திறன் குறைந்த பிள்ளைகள் உண்டு. பள்ளி சேரும் வயது வரை செவிப் பரிசோதனையைத் தொடருங்கள்.

கேள்வி: பையனுக்கு 8 மாதம். இப்போது சிறுநீரைச் சோதிக்கலாமா?

பதில்: வைரஸ் இருந்தாலும், கருவில் வந்ததா பிறகு வந்ததா என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறந்த 21 நாளுக்குள் சோதித்திருக்க வேண்டும். பிறந்ததும் குதிகாலில் எடுத்த ரத்தப்பொட்டு அட்டையை வைத்திருக்கிறார்களா என்று பிரசவம் பார்த்த இடத்தில் கேளுங்கள். இருந்தால் அதில் தேடலாம்.